கை கழுவுற இடம்

எங்க கிளினிக்குல கை கழுவுற தொட்டியை ஒரு தடவை வந்து பாருங்க. பெருமைக்குத்தான் கூப்பிடுறேன், வேற ஒண்ணுமில்ல. பாகூர் பக்கத்துல நான் பார்த்த எந்த டாக்டர் ரூம்லயும் இப்படி ஒண்ணு கிடையாது. கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள வந்தா மொதல்ல உங்களுக்கு டாக்டர் தெரிய மாட்டாரு, டேபிள் தெரியாது, கட்டில் தெரியாது. நீளமா ஒரு ஸ்டீல் தொட்டி தெரியும். அதுக்கு மேல ரெண்டு குழாய். ஒண்ணு டாக்டருக்கு, ஒண்ணு வர்றவங்களுக்கு. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னுதான் கழுவணும். இதுக்கு முன்னாடி அதே ரூம்ல வேற ஒண்ணை ஆசை ஆசையாக் கட்டினோம். அப்புறம் நாங்களே பேர்த்து எடுத்தோம்.

டாக்டர் என் தம்பி. நான் நர்ஸ். எங்க காலனியில மொதல் நர்ஸ் நானு, மொதல் டாக்டர் அவன். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் ஏறும், கண்டுக்காதீங்க. அம்மா நாங்க சின்னதா இருக்கும்போதே போயிட்டாங்க. எங்களை ஆளாக்கினது அம்மாவோட தங்கச்சி, எங்க சின்னம்மா. நடவு, களை, கரும்பு வெட்டுன்னு அது போகாத வேலை இல்ல. கல்யாணம்னு யாராவது பேச்செடுத்தா, 'இதுங்க ரெண்டையும் யாரு பாக்குறது'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடும். அதனால கிளினிக் கட்டப் போறோம்னதும் மொதல்ல அதுகிட்டதான் சொன்னோம். 'போர்டுல பேரைப் பெருசா எழுதுடா, எனக்குப் படிக்கத் தெரியாட்டியும் பெருசா இருக்குன்னாவது தெரியட்டும்'னு சொல்லுச்சு.

மனை எடுத்த இடத்தையும் சொல்லணும். ஊர்த்தெருவும் காலனியும் பிரியுற இடம், பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல. ஊர்த்தெருவுல நெலத்துக்காரங்க, காலனியில அந்த நெலத்துல காலங்காலமா வேலை செஞ்சவங்க. 'ரெண்டு பக்கமும் வரணும்க்கா, ஒரே பெஞ்சுல ஒக்காரணும்'னு தம்பி சொன்னான். அவனுக்கு இந்த மாதிரி ஆசையெல்லாம் உண்டு. எனக்கு ஒரே ஒரு ஆசைதான். கை கழுவுற இடம் ஒழுங்கா இருக்கணும்.

சிரிக்காதீங்க. நான் வேலை பார்க்கிற பெரிய ஆஸ்பத்திரியில என் வேலையே அதுதான். எந்த வார்டுல யாரு கை கழுவுறாங்க, யாரு கழுவாம ஏமாத்துறாங்கன்னு பார்த்து, ஏமாத்துறவங்களைப் பிடிச்சு நிறுத்தறது. வராந்தாவுல நான் வந்தாலே பெரிய பெரிய சர்ஜனுங்க திரும்பி கை கழுவுற பேசினுக்குப் போயிடுவாங்க. ஆஸ்பத்திரிக்கு வந்த புண்ணு ஆறாம, வந்த இடத்துல ஒட்டின கிருமியால கை போனவங்களையும் கால் போனவங்களையும் நான் பார்த்திருக்கேன். அதனால எனக்கு இதுல சமாதானமே கிடையாது.

வில்லியனூர்லேருந்து ஒரு சின்ன வயசு இன்ஜினீயர் வந்து பிளான் காட்டினாரு. வெயிட்டிங் ஹால், டாக்டர் ரூம், டிரெஸ்ஸிங் ரூம், மருந்து வைக்க அலமாரி, வாசல்ல வீல்சேர் ஏற சரிவு. எல்லாம் அழகு. பேசின் எங்கன்னு தேடுறேன், கடைசியில கக்கூஸ் பக்கத்துல ஒரு மூலையில ஒரு குட்டி வட்டம் போட்டிருக்காரு.

'இதுவா பேசின்?'

'ஆமாம் மேடம். அட்டாச்டு பாத்ரூம்லயே வந்துடுது.'

'ஏன் சார், டாக்டர் ஒவ்வொருத்தரைத் தொட்டுட்டும் எழுந்து, கதவைத் திறந்து, கக்கூஸுக்குள்ள போய்க் கழுவிட்டு, மறுபடி அந்தக் கதவைப் பிடிச்சுத் திறந்துக்கிட்டு வருவாரா? ரெண்டு நாள் வருவாரு. மூணாவது நாள் சட்டையில தொடைச்சுக்குவாரு.'

தம்பி பக்கத்துல ஒக்காந்து வேற பக்கம் பார்த்தான். அவனைத்தான் சொல்றேன்னு அவனுக்குத் தெரியும்.

நான் பென்சிலை வாங்கி நானே போட்டேன். பேஷன்ட் படுக்கிற கட்டிலுக்கும் டாக்டர் நாற்காலிக்கும் நடுவுல, செவுத்துல பேசின். குழாயைக் கையால தொடக்கூடாது, முழங்கையால தள்ளித் திறக்கிற மாதிரி நீளப் பிடி வேணும். தண்ணி நேரா ஓட்டையில விழக்கூடாது, விழுந்தா சாக்கடையில இருக்கிறதெல்லாம் மேல தெறிக்கும். பின்னாடி செவுத்துக்கு டைல்ஸ். சோப்புத் தண்ணி செவுத்துலயே மாட்டின டப்பாவுல. துணி டவல் வாசப்படி தாண்டக்கூடாது, பேப்பர்தான். காலால மிதிச்சுத் திறக்கிற குப்பைத்தொட்டி. இன்ஜினீயர் எல்லாத்தையும் எழுதிக்கிட்டு, 'மேடம், அந்தப் பக்கம் அக்னி மூலை. அங்க தண்ணி வரக்கூடாதுன்னு சொல்லுவாங்க'ன்னாரு.

'சார், அக்னி மூலையில அடுப்பா வைக்கப் போறேன்? சீழ் பிடிச்ச புண்ணைத் தொட்ட கையைக் கழுவப் போறேன். அக்னி பகவான் ஒண்ணும் சொல்ல மாட்டாரு.'

அதுக்கப்புறம் அவரு எதுக்கும் எதிர்ப் பேச்சு பேசல. மேஸ்திரிதான் மூக்கால அழுதாரு. எங்க ஊரு போர்த் தண்ணியில உப்பு ஜாஸ்தி, இந்த நீளப் பிடிக் குழாய் சீக்கிரமே இறுகிடும் யக்கான்னாரு. இறுகினா மாத்துவோம், நீங்க மாட்டுங்கன்னு சொல்லிட்டேன்.

இன்னொண்ணும் நான் யோசிச்சே செஞ்சேன். வந்து ஒக்கார்ற பேஷன்டோட கண்ணுக்கு நேரா பேசின் தெரியணும். டாக்டர் கழுவுறதை அவங்க பார்க்கணும். பார்த்தாதான் நம்பிக்கை வரும். அப்படித்தான் நான் படிச்சது, அப்படித்தான் நான் எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கிறது.

தொறந்தோம். மொதல்ல நல்ல கூட்டம். ஊர்த்தெருவுலேருந்து வந்தாங்க, காலனியிலேருந்து வந்தாங்க, மணப்பட்டுலேருந்து மீன்காரம்மாங்க கூடையை வெளியே எறக்கி வச்சுட்டு வந்தாங்க. தம்பி ஆசைப்பட்ட மாதிரி ஒரே பெஞ்சுல ஒக்காந்தாங்க. கொஞ்சம் இடம் விட்டு ஒக்காந்தாங்க, அது வேற விஷயம். லீவு நாள்ல நானும் போய் டிரெஸ்ஸிங் பண்ணுவேன். தம்பி நான் சொன்னபடி, ஒருத்தரைப் பார்த்து முடிச்சதும் திரும்பி, முழங்கையால குழாயைத் தள்ளி, நகத்துக்கிட்ட, விரல் நடுவுலன்னு ஒழுங்காத் தேய்ச்சுக் கழுவுவான். பார்க்கவே எனக்கு வயிறு குளிரும்.

அப்புறம் காலனிக்காரங்க குறைஞ்சாங்க.

முதல்ல நான் கவனிக்கல. நடவு நேரம், வேலைக்குப் போயிருப்பாங்கன்னு நெனச்சேன். ஒருநாள் தம்பிதான் சொன்னான், 'அக்கா, நம்ம தெரு ஆளுங்க யாருமே வர்றதில்லக்கா. ஜுரம்னா மெடிக்கல் ஷாப்புல மாத்திரை வாங்கிப் போட்டுக்கிறாங்க. பெரிசுங்க பஸ் ஏறி பாகூருக்குப் போறாங்க. நான் இங்க ஒக்காந்திருக்கேன்.' அவன் முகம் சுண்டிப்போயிருந்துச்சு. எனக்கோ கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. நம்ம புள்ள டாக்டராகி வாசல்ல வந்து ஒக்காந்தா அருமை தெரியல இவங்களுக்குன்னு காலனியையே திட்டினேன். அப்புறம் சட்டுன்னு கேட்டேன், 'சின்னம்மா?'

'அதுவும் வரல' ன்னான்.

சின்னம்மாவுக்குச் சர்க்கரை. கரும்பு வெட்டின கொல்லையில நடந்து, கட்டை குத்தி, பாதத்துல ஒரு புண்ணு. குத்தினதே அதுக்குத் தெரியல. சர்க்கரைக்காரங்களுக்குப் பாதத்துல உணர்ச்சி போயிடும். செருப்பு ஈரமா இருக்கேன்னு பார்த்தா ரத்தம். ஒரு தடவை கிளினிக்குக்கு வந்து தம்பிகிட்டக் காட்டிச்சு. அவன் சுத்தம் பண்ணி, மருந்து வச்சு, கட்டுக் கட்டி, விடாம வந்து கட்டு மாத்தணும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினான். அதோட சரி. கேட்டா, 'ஆறிப்போச்சுடா'ன்னு போன்ல சொல்லியிருக்கு. இவனும் நம்பிட்டான்.

அன்னிக்கே போனேன். வூட்டு வாசல்ல முறத்துல அரிசி பொடைச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கு. கால்ல பழைய பொடவைக் கிழிசலைச் சுத்தி, அதுக்கு மேல பிளாஸ்டிக் கவரைக் கட்டியிருக்கு. கிட்டப் போகும்போதே எனக்குத் தெரிஞ்சுடுச்சு. அந்த வாடை எனக்குத் தெரியாததா?

'இன்னா சின்னம்மா இது?'

'ஒண்ணுமில்லடி. தண்ணி படாம இருக்கக் கட்டினேன்.'

அவுத்தேன். சுண்டு விரலுக்குக் கீழ கறுத்திருந்துச்சு. ஓரமெல்லாம் வெள்ளையா ஊறி, நடுவுல குழி. எத்தனையோ புண்ணு பார்த்தவதான், ஆனா இது எங்க சின்னம்மா காலு. இந்தக் காலு வரப்புல நடந்துதான் நான் நர்ஸ் ஆனேன்.

கத்தினேன். தெருவே எட்டிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். 'அறிவிருக்கா உனக்கு? நாலு எட்டு வச்சா கிளினிக்கு. வளர்த்த புள்ள டாக்டரு. விரலை எடுத்துடுவாங்க, அப்புறம் பாதத்தை எடுப்பாங்க, அப்புறம் முட்டி வரைக்கும் எடுப்பாங்க. நொண்டி நொண்டிப் போயி சோறு பொங்குவியா?'

நான் கத்தி ஓயுற வரைக்கும் அது அரிசியில கல்லு பொறுக்கிக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் மெதுவா, 'அவன் கை கழுவுறான்டி'ன்னு சொல்லுச்சு.

எனக்குப் புரியல. 'கழுவணும்தானே?'

'கை உறை போட்டுக்கிட்டுதான் என்னைத் தொட்டான். செரி, புண்ணு இருக்கு, தொடட்டும்னு இருந்தேன். முடிச்சதும் அதைக் கழட்டிக் குப்பையில போட்டான். அப்புறமும் போயிக் கழுவுறான். என் கண்ணுக்கு நேரா. சோப்புப் போட்டு, விரல் விரலாத் தேய்ச்சு. என்னைத் தொட்டதுக்கு.'

'சின்னம்மா, உறையில கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கும், அதனால...'

'ஓட்டை இருக்கும்டி. நீ படிச்சவ, உனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்றேன், கேளு.'

சொல்லுச்சு. அது வயசுப் பொண்ணா இருக்கும்போது, ஆண்டை வூட்டுக் கொல்லையில களை எடுத்துக்கிட்டிருந்திருக்கு. நெலத்துக்காரங்களை அப்போ ஆண்டைன்னுதான் சொல்லுவாங்க. அவங்க வூட்டுச் சின்னப் புள்ள ஏரி வாய்க்கால்ல விழுந்துடுச்சு. சின்னம்மாதான் குதிச்சுத் தூக்கினது. மூச்சு வர முதுகைத் தட்டி, தோள்ல போட்டுக்கிட்டு, அவங்க வூட்டு வாசல் வரைக்கும் ஓடியிருக்கு. அந்தம்மா புள்ளையை வாங்கினாங்க. வாங்கின கையோட கெணத்தடிக்குத் தூக்கிட்டுப் போயி, தலையோட தண்ணி ஊத்தினாங்க.

'ஏற்கெனவே நனைஞ்ச புள்ளடி அது. வாய்க்கால் தண்ணியில ஊறிப்போயி வந்த புள்ள. குளிருல நடுங்குது. அதுக்கு மேல கொடம் கொடமா ஊத்துறாங்க. நான் வாசல்ல நின்னு பார்க்கிறேன். ஈரத்துக்கா ஊத்தினாங்க? நான் தூக்கினதுக்கு ஊத்தினாங்க.' முறத்துலேருந்து ஒரு கல்லை எடுத்து வீசுச்சு. அப்புறம், 'அவங்க ஊத்தினாங்க, தொலையட்டும். இவன் நான் கழுவி விட்ட புள்ள'ன்னுச்சு.

அது பக்கத்துலயே தரையில ஒக்காந்து அழுதேன். அது என்னைத் தேத்தல, அரிசியைப் பொடைச்சுக்கிட்டிருந்துச்சு.

அப்புறம் தெருவுல நாலஞ்சு வூட்டுக்குப் போய் நேராக் கேட்டேன். யாரும் சின்னம்மா மாதிரி பளிச்சுன்னு சொல்லல. 'தம்பி நல்லாத்தான் பார்க்குறாரு நர்ஸம்மா, ஆனா...'ன்னு இழுத்தாங்க. அந்த ஆனாவுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு இப்போ எனக்குத் தெரியும். ஒருத்தர் மட்டும், 'ஊர்த்தெருக்காரங்களைத் தொட்டாலும் கழுவுறாரா?'ன்னு கேட்டாரு. கழுவுறாருன்னேன். 'நாங்க எங்கப் பார்த்தோம்?'னாரு.

அந்தக் கேள்விதான் எனக்கு வழி காட்டிச்சு. உண்மையிலேயே, அவங்க எங்கப் பார்த்தாங்க? ராத்திரி முழுக்க அந்த ரூமை மனசுல ஓட்டிப் பார்த்தேன். ஒருத்தரைப் பார்த்து முடிச்சதும் தம்பி கழுவுறான். அவரு அதைப் பார்த்துக்கிட்டே எழுந்து போறாரு. அடுத்தவரு உள்ள வர்றதுக்குள்ள கை காஞ்சுடுது. எங்க கணக்குப்படி அந்த ஒரே கழுவல் ரெண்டு பேருக்கும் ஆச்சு, போனவருக்கு அப்புறம், வர்றவருக்கு முன்னாடி. ஆனா போனவரு கண்ணுல பட்டது, அவரைத் தொட்டதுக்குக் கழுவினது. வந்தவருக்காகக் கழுவினதை வந்தவரு பார்க்கவே இல்ல. அந்த ரூமுக்குள்ள வந்த அத்தனை பேரும், தன்னைத் தொட்டுட்டு டாக்டர் கழுவுறதை மட்டும்தான் பார்த்துட்டுப் போயிருக்காங்க. ஊர்த்தெருக்காரங்களுக்கு அதுல ஒண்ணும் தோணல. அவங்களைத் தொட்டுட்டு யாரும் இதுக்கு முன்னாடி கழுவினது கிடையாது. எங்க ஜனத்துக்கு அது பழைய கணக்கு.

காலையில தம்பிகிட்டச் சொன்னேன். அவன் அப்படியே சுருண்டுட்டான். 'நான் யாருக்கா? நானும் அந்தத் தெருதானே? என்னைப் போய் அப்படி நெனைப்பாங்களா?'

'நீ கோட்டு போட்டிருக்கடா. கோட்டுக்குள்ள எந்தத் தெருன்னு யாருக்குத் தெரியும்?'

'அப்போ கழுவாம விடவா?'

'கழுவாம விட்டுப் பாரு, உன் கையை ஒடிக்கிறேன்'னேன். 'எடத்தை மாத்துறோம். வர்றவங்க வந்ததும் கழுவு, தொடுறதுக்கு முன்னாடி, அவங்க பக்கத்துல நின்னு. அவங்களும் கழுவட்டும். போறப்பவும் ரெண்டு பேரும் சேர்ந்தே கழுவுங்க.'

இன்ஜினீயரைக் கூப்பிட்டேன். கதவுக்கு உள்பக்கம், நுழைஞ்சதும் செவுரோரமா ஒரு நீளத் தொட்டி, ரெண்டு குழாய் வேணும்னேன். அவரு தலையைச் சொறிஞ்சாரு. 'மேடம், இது கல்யாண மண்டபத்துல பந்தி முடிஞ்சு கை கழுவுற இடம் மாதிரி ஆயிடுமே.'

'சார், அதேதான். வரிசையா நின்னு, இந்தப் பக்கம் யாரு, அந்தப் பக்கம் யாருன்னு பார்க்காம கழுவுறோம் இல்ல? அதையே போடுங்க.'

புது டைல்ஸைப் பேர்க்கும்போது மேஸ்திரிக்கு மனசே இல்ல. இவ்ளோ அழகா ஒட்டினதை ஒடைக்கச் சொல்றீங்களே யக்கான்னு புலம்பிக்கிட்டே ஒடைச்சாரு. குழாய் மட்டும் அதே நீளப் பிடி. அதை நான் விட்டுக்கொடுக்கல.

அதுக்குள்ள சின்னம்மா கால் என்ன ஆச்சுன்னு நீங்க கேப்பீங்க. சின்னம்மாவை ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கிட்டு என் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எலும்புக்கு எறங்கல. ஆனா விரல் நிக்குமான்னு சொல்ல முடியாது, நாள் தவறாம சுத்தம் பண்ணிக் கட்டணும், ஒரு நாள் விட்டாலும் எங்க பொறுப்பு இல்லன்னு சொல்லிட்டாங்க. தொட்டி தயாராகுற வரைக்கும் வூட்டுக்கே போய் நான் கட்டினேன். ஆனா எனக்கு டூட்டி மாறி மாறி வரும். அது கிளினிக்குக்கு வந்தே ஆகணும். வருமான்னு எனக்கு உள்ளுக்குள்ள பயம்.

சிமென்ட் காஞ்சு, தொட்டியில மொதல்ல தண்ணி விட்ட அன்னிக்கு சாயங்காலம் அதைக் கூட்டிட்டுப் போனேன். வாசல் வரைக்கும் வந்துட்டு, 'வேணாம்டி'ன்னுச்சு. நான் தோளைப் பிடிச்சு உள்ள தள்ளினேன். தம்பி நாற்காலியில ஒக்காந்திருக்கல. தொட்டிக்கிட்ட நின்னுக்கிட்டிருந்தான்.

'வா சின்னம்மா, கை கழுவலாம்' ன்னான்.

அது தொட்டியைப் பார்த்துச்சு. அவனைப் பார்த்துச்சு. 'நான் எதுக்குடா?'

'நானும்தானே கழுவுறேன். வா.'

முழங்கையால குழாயைத் தள்ளிக் காட்டினான். அதுவும் தள்ளிச்சு, தண்ணி பீச்சி அடிச்சுப் பொடவையெல்லாம் ஈரம். அவன் சிரிச்சான், அது முறைச்சுச்சு. சோப்பை அது கையிலயும் கொட்டினான், தன் கையிலயும் கொட்டினான். ரெண்டு பேரும் பக்கத்துல நின்னு தேய்ச்சாங்க. தண்ணி ஒரே ஓட்டையிலதான் போச்சு. அப்புறம் அவன் கையைத் தொடைச்சு, உறையை மாட்டி, கீழ ஒக்காந்து அது காலைத் தன் முட்டி மேல வச்சான். 'உன் காலுக்காகத்தான் கழுவுனேன். என் கையில ஊர்ப்பட்ட கிருமி இருக்கும், அது உன் புண்ணுக்குள்ள போயிடக்கூடாது'ன்னான்.

'எனக்காகவா?'

'உனக்காகத்தான்.'

கட்டுக் கட்டி முடியுற வரைக்கும் அது அவன் உச்சந்தலையையே பார்த்துக்கிட்டிருந்துச்சு. போகும்போது தானாவே தொட்டிக்குப் போய் நின்னுச்சு. அவனும் வந்து பக்கத்துல நின்னான்.

நாங்க எதுவும் தண்டோரா போடல. சின்னம்மா வாய் போதாதா? கிணத்தடியில, நடவுக் கொல்லையில, பஸ் ஸ்டாப்புல எல்லாம் அதுவே சொல்லிடுச்சு. காலனி ஜனம் ஒவ்வொருத்தராத் திரும்பி வந்தாங்க. தொட்டிக்கிட்ட ஒரு தடவை நின்னுட்டுப் போனவங்க அடுத்த தடவை புள்ளைங்களைக் கூட்டிட்டு வந்தாங்க.

ஊர்த்தெருவுலயும் முணுமுணுப்பு இல்லாம இல்ல. ஒரு பெரியவரு, 'நான் வூட்டுலயே கழுவிட்டுத்தான்மா வந்தேன்'னாரு. அவருக்கு முன்னாடி கழுவிட்டுப் போனவரு காலனிக்காரரு, அந்தக் குழாய்ல இன்னும் சொட்டிக்கிட்டிருக்கு. நான் விடல. 'வூட்டுல கழுவினீங்க, வழியில பைக்கைப் பிடிச்சீங்க, கேட்டைப் பிடிச்சீங்க, இப்போ மூக்கைப் பிடிச்சீங்க. கழுவுங்க ஐயா'ன்னேன். கழுவினாரு. அடுத்த தடவை வரும்போது நான் சொல்லாமலே கழுவினாரு. இதுக்கு மேல நான் ஒண்ணும் எதிர்பார்க்கல, இது போதும்.

புண்ணு மெதுவாத்தான் ஆறிச்சு. கறுத்த இடம் உதிர்ந்துச்சு, அடியில செக்கச் செவேல்னு புதுச் சதை வந்துச்சு. அதைப் பார்த்த அன்னிக்கு டிரெஸ்ஸிங் ரூம்ல நானும் தம்பியும் சின்னப் புள்ளைங்க மாதிரி கையைத் தட்டிக்கிட்டோம். விரல் நின்னுடுச்சு. சின்னம்மா அதை அசைச்சு அசைச்சுக் காட்டிச்சு.

கட்டு முடியப்போற சமயத்துல ஒரு திங்கக்கிழமை. திங்கக்கிழமைன்னா எங்களுக்குத் திருவிழாக் கூட்டம். பெஞ்சு பத்தாம ஜனம் வெளியே நிக்குது. ஊர்த்தெரு, காலனி, மீன்காரம்மாங்க, எல்லாரும் இருக்காங்க. சின்னம்மாவை நடக்க வைக்க வேணாம்னு கதவுக்கிட்ட நாற்காலி போட்டு ஒக்கார வச்சிருந்தேன். கதவு தொறந்தே கிடந்துச்சு, தொட்டி எல்லாருக்கும் தெரியுது. தம்பி உள்ள ஒரு புள்ளைக்குக் காதைப் பார்த்துக்கிட்டிருந்தவன், ஏதோ மருந்து எழுதிட்டு, போன் பேசிக்கிட்டே வெளியே வந்தான். அவசரம். போனைப் பாக்கெட்டுல போட்டுட்டு அப்படியே கீழ குனிஞ்சு, 'காட்டு சின்னம்மா'ன்னு கட்டுல கை வைக்கப் போனான்.

சின்னம்மா காலை வெடுக்குன்னு இழுத்துக்கிச்சு.

'கையைக் கழுவிட்டு வந்து தொடு' ன்னுச்சு.

பெஞ்சுல இருந்தவங்க எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. ஊர்த்தெருப் பெரியவங்க நிக்குறாங்க, காலனி நிக்குது. வளர்த்த புள்ளன்னாலும் டாக்டரு. அவன் குனிஞ்சவன் குனிஞ்சபடி இருக்கான். எங்க ஆளுங்களைத் தொட்டுட்டுக் கழுவினவங்களை நான் கேள்விப்பட்டிருக்கேன். எங்களைத் தொடணும்னா மொதல்ல கையைக் கழுவிட்டு வான்னு எங்க தெருவுலேருந்து ஒரு பொம்பள சொல்லி, அதை ஊரே நின்னு கேட்டதை அன்னிக்குத்தான் பார்த்தேன்.

தம்பி எழுந்தான். தொட்டிக்குப் போனான். முழங்கையால தள்ளினான், சோப்பைக் கொட்டினான், தேய்ச்சான். சின்னம்மா கழுத்தை நீட்டி அவன் கையையே பார்த்துக்கிட்டிருந்துச்சு.

'நகத்துக்கிட்ட இன்னும் கொஞ்சம் தேய்டா.'

தேய்ச்சான். தண்ணியில காட்டினான். பேப்பரால ஈரம் போகத் தொடைச்சுக்கிட்டு வந்து, ரெண்டு கையையும் அது முன்னாடி நீட்டிக் காட்டினான். அது ஒரு பக்கம் பார்த்துச்சு, திருப்பிக் காட்டச் சொல்லி மறுபக்கமும் பார்த்துச்சு. அப்புறம்தான் காலை எடுத்து அவன் முட்டி மேல வச்சுச்சு.